கடைசியில் பெரிய திட்டு

ஜூன் 9

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பர்வீன் சொல்லித்தான் இந்த நோட்டைத் திறக்கிறேன். ரோஸ்லினுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். காலை ஒன்பது மணிக்கு வந்தது, ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். நேரத்தைப் பொறுத்தவரை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பேச்சுதான் போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். ஆமா.

"சார், அம்மா என்ன சொன்னாலும் தேதி போட்டு எழுதி வைங்க. தப்பாச் சொன்னாலும் எழுதுங்க" என்றாள் பர்வீன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். சின்னப் பெண்தான், ஆனால் என்னை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்ததுபோல் பேசுகிறாள்.

எழுதி வைப்பது எனக்குப் புதிதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எடைமேடையில் உட்கார்ந்து லாரி எடை எழுதியவன். வெறும் வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு, அவ்வளவுதான் என் எழுத்து. இந்த வீட்டில் எழுத்தாளர் என்றால் அது ரோஸ்லின். பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள்.

இன்று பேசிய சொற்கள்: ஆமா – 14.

ஜூன் 10

ஆமா – 11. கஞ்சி வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா.

ஜூன் 12

'கிளிஞ்சல்' பத்திரிகையிலிருந்து போன். மதுரையிலிருந்து கோதை பேசினாள். அவள்தான் ஆசிரியர்.

"ஐயா வணக்கம். அக்கா போன எடுக்கவே மாட்டேங்கிறாங்க. பன்னெண்டாவது அத்தியாயம் எழுதிட்டாங்களா? பிள்ளைங்க லெட்டரா போட்டுத் தள்ளுதுங்க. ஜூலை பதினஞ்சுக்குள்ள வேணும்யா."

எழுதிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

கதை இதுதான். சலேத் என்று பதினொரு வயதுப் பிள்ளை. அப்பா மீன்பிடிக்கப் போகும் படகில் யாருக்கும் தெரியாமல் சாக்குக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். வலையைச் சரிசெய்ய ஒரு ஆளில்லாத் தீவில் படகை நிறுத்துகிறார்கள். இவள் இறங்கி சிப்பி பொறுக்கப் போகிறாள். படகு கிளம்பிவிடுகிறது. பிள்ளை வந்ததே அப்பாவுக்குத் தெரியாது, அப்புறம் எங்கே தேடுவது? கரையில் கிணறு கிணறாகத் தேடுகிறார்கள். மாதம் ஒரு அத்தியாயமாகப் பதினொன்று வந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் கரை சேர வேண்டும். அதற்குள் இவள் இப்படிப் படுத்துவிட்டாள்.

கதையை எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரோஸ்லின் சொல்லிக்கொண்டே இருப்பாள். படித்தது முதல் அத்தியாயம் மட்டும்தான்.

ஆமா – 9.

ஜூன் 13

சோறு குழைந்துவிட்டது. படுக்கை விரிப்பு இரண்டு துவைத்தேன். ஈரத்துண்டைக் கட்டிலின் மேலேயே போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மேசை இழுப்பறையில் தேடினேன். பேனா மூடிகள், முன்னூற்றுச் சொச்சம் ரப்பர் பேண்டு, பிள்ளைகளின் கடிதக் கட்டு. அடியில் தேதி கிழிக்கும் காலண்டர் தாள் ஒன்று. பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"12 – படகு. கரை. கடைசியில் பெரிய திட்டு. அதோடு முற்றும்."

இது போதும். திட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தண்ணீருக்கு அடியில் மேடிட்டுக் கிடக்கும் மணல். பெரிய கப்பலையே தட்ட வைத்துவிடும். படகு வருகிறது, பிள்ளையை ஏற்றுகிறது, கரை கண்ணுக்குத் தெரிகிறது, கடைசியில் படகு பெரிய மணல்திட்டில் தட்டி நின்றுவிடுகிறது. எழுத்தாளர்கள் கடைசி நேரத்தில் இப்படி ஒரு ஆபத்தை வைப்பது உண்டுதான். 'அதோடு முற்றும்' என்பதுதான் இடிக்கிறது. பிள்ளையைத் திட்டில் விட்டுவிட்டா முடிப்பாள்?

நானே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால் மிச்சப் பத்து அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

ஜூன் 17

நான்கு நாளாகப் படிக்கிறேன். மதியம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். எல்லாம் நீல மசியில் எழுதிய அவளுடைய மூலப்பிரதி.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் தாகம் தாங்காமல் சலேத் பூவரசமரத்தடியில் கையால் மணலைத் தோண்டுகிறாள். முழங்கை ஆழத்தில் கலங்கலாகத் தண்ணீர் ஊறுகிறது. சட்டையின் ஓரத்தால் வடிகட்டி வடிகட்டிக் குடிக்கிறாள். எனக்கே எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

ஒரு நண்டுக்கு 'வாத்தியார்' என்று பேர் வைத்து அதனோடு பேசுகிறாள். பேசாமல் இருந்தால் பேச்சு மறந்துவிடும் என்று அந்தப் பிள்ளைக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததையெல்லாம் நண்டிடம் சத்தமாக ஒப்பிக்கிறாள்.

அந்த இடத்தில் தாளை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்று. கதையில் சலேத்தின் அப்பா வருகிறார். நல்ல மனுஷர், ஆனால் யார் எது சொன்னாலும் காதில் வாங்க மாட்டார். சொல்லி முடிக்கும் முன்பே 'சரி சரி' என்பார். எழுதியவள் மனதில் யாரை வைத்துக்கொண்டு எழுதினாள் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

ஆமா – 10.

ஜூன் 19

எழுதிவிட்டேன், ஆறு பக்கம். படகு கிழக்கிலிருந்து வருகிறது. காற்று, நீரோட்டம், திட்டின் நீள அகலம் எல்லாம் பிசகில்லாமல் வைத்திருக்கிறேன். படகு தட்டி நிற்கிறது. எல்லாரும் ஓதம் ஏறிக் கடல் தண்ணீர் உயரக் காத்திருக்கிறார்கள். முற்றும்.

காலைக் காப்பிக்குப் பிறகு ரோஸ்லினுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து வாசித்தேன். முதல் பக்கம் கவனமாகக் கேட்டாள். திட்டு வந்ததும் இடது கையை நீட்டித் தாளைத் தள்ளினாள்.

"என்ன ரோஸ், நல்லா இல்லையா?"

"ஆமா."

"நீதான எழுதி வச்சிருக்க, கடைசியில் பெரிய திட்டுன்னு?"

"ஆமா! ஆமா! ஆமா!"

அவள் முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பயந்துபோய்த் தாளை மடித்து வைத்துவிட்டேன். மருந்து கொடுத்ததும் தூங்கிவிட்டாள்.

ஜூன் 20

குக்கரில் பருப்பு வைத்து மறந்தேன். அடி பிடித்தது. ஆமா – 4.

ஜூன் 23

பர்வீன் வந்தாள். ரோஸ்லினின் உதட்டைத் தொட்டுத் தொட்டு 'அ', 'ப' சொல்ல வைத்தாள். எல்லாம் ஆமாவாகவே வந்தது. போகும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"தேடிப் பிடிச்சுப் பேசணும்னா இப்பம் அவங்களால முடியாது சார். ஆனா வாய்க்குப் பழகிப்போனது தானா வந்துரும். பாட்டு, ஜெபம், அந்த மாதிரி. அத முயற்சி பண்ணுங்க."

அப்புறம் எதேச்சையாகக் கேட்டாள். "அன்னைக்கு எத்தன மணிக்கு சார் ஆரம்பிச்சது? ரிப்போர்ட்ல ஒம்போதுன்னு இருக்கு."

"ஒன்பதுதான்" என்றேன்.

ஜூன் 24

பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே சொன்னேன். கூடவே உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கோயிலில் பாடும் பாமாலைப் பாடல்கள் மூன்று பாடினேன். என் குரலுக்குப் பேசாமலிருப்பதே மேல் என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் 26

'கிளிஞ்சல்' அலுவலகம் ஒரு உறையில் பிள்ளைகளின் கடிதங்களை அனுப்பியிருக்கிறது. வாசித்துக் காட்டினேன். சலேத்தைத் திமிங்கிலம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்கிறான் ஒருவன். வாத்தியார் நண்டையும் கூட்டிவரச் சொல்கிறார்கள் நாலைந்து பேர். கோவில்பட்டியிலிருந்து ஒரு பிள்ளை: "சலேத் வீட்டுக்குப் போனால் அவங்க அம்மா ஏசுவாங்களா? எங்க அம்மா என்றால் ஏசிவிட்டுத்தான் சோறு போடுவாங்க."

அதைக் கேட்டதும் ரோஸ்லின் இடது கையால் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஆமா" என்றாள். தண்ணீர் வேண்டுமோ என்று கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 29

திட்டைத் தூக்கிவிட்டு வேறு மாதிரி எழுதினேன். படகு நேராகக் கரைக்கு வருகிறது. ஊரே திரண்டு நிற்கிறது. பாதர் சால்வை போர்த்துகிறார். கலெக்டர் மாலை போடுகிறார், பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு. வீரச் சிறுமி சலேத் வாழ்க. முற்றும்.

ரோஸ்லின் கலெக்டர் வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்தத் தடவை ஆமாகூட இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது. விரிப்பு, மருந்து, கஞ்சி, இந்தக் கதை. உடம்பு முழுக்க வலி. நானும் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டால் தேவலை என்று இருக்கிறது.

ஜூலை 2

மகள் ஜாஸ்மின் மஸ்கட்டிலிருந்து பேசினாள். டிசம்பரில்தான் லீவு கிடைக்குமாம். வழக்கம்போல், "நீங்க என்னப்பா செய்வீங்க? டயத்துக்குக் கொண்டுபோனீங்களே, அதுவே பெருசு" என்றாள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். கோயிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லாரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருக்கிறார்கள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டு பர்வீனுக்குக் காட்ட வேண்டியது, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் போயிற்று.

ஒன்பது மணி இல்லை. ஏழு மணி.

அன்று காலை ஏழு மணிக்கு ரோஸ்லின் மேசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். "ஏங்க, கை மரத்துப்போன மாதிரி இருக்கு. பேனா நிக்க மாட்டேங்கு" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "ராத்திரி பகலா எழுதுனா மரக்கத்தான் செய்யும். கொஞ்ச நேரம் படு, சரியாப் போயிரும்" என்றேன். "இல்லங்க, இது வேற மாதிரி" என்று ஏதோ சொல்ல வந்தாள். 'சரி சரி' என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். சீலா மீன் வந்திருந்தது. கூட வேலை பார்த்த ஆள் ஒருவர் வந்திருந்தார். நின்று பேசினேன். திரும்பி வரும்போது ஒன்பது. ரோஸ்லின் மேசைக்கு அடியில் கிடந்தாள். பேனா கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். நான் பார்த்த நேரத்தைச் சொன்னேன். பொய் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு லாரிக்கும் நான் எடை மாற்றி எழுதியதில்லை.

அந்த இரண்டு மணி நேரம் ரோஸ்லினுக்கும் தெரியும். சொல்ல முடியாமல் படுத்திருக்கிறாள்.

ஜூலை 3

பக்கத்தைக் கிழிக்கவில்லை.

ஜூலை 6

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். குளித்துவிட்டு வந்து, அவளுக்கு மாத்திரை எடுக்கும் அவசரத்தில் தலை துவட்டிய ஈரத்துண்டைக் கையில் அகப்பட்ட இடத்தில் போட்டேன். போட்டது மேசைமேல், அதாவது பதினொரு அத்தியாயத்தின் மேல். மாத்திரைப் பட்டையைப் பிரித்துக்கொண்டு திரும்புகிறேன், பின்னாலிருந்து ஒரு சத்தம்:

"அறிவிருக்கா!"

யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. ரோஸ்லின் தலையணையிலிருந்து பாதி எழும்பி, இடது கையை மேசைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா! அறிவிருக்கா!"

சுத்தமாக, தெளிவாக, பழைய அதே குரல். துண்டுக்கு அடியில் மசி கரைந்து முதல் தாள் முழுக்க நீலமாகிவிட்டது. துண்டைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இந்த ஈரத்துண்டுக்காக முப்பத்தாறு வருடம் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது நாளாக யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இருக்கா?" என்றாள் மறுபடியும்.

"இல்ல ரோஸ். இல்லவே இல்ல" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவளும் தன் குரலைத் தானே கேட்டுப் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

பர்வீனுக்குப் போன் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டு, ஜெபம்னு சொன்னேன், இத விட்டுட்டேனே சார்! ஏசுறதும் அப்படித்தான், தானா வரும். வாய்க்கு ரொம்பப் பழக்கமோ?"

ரொம்பப் பழக்கம்.

ஆமா – 6. அறிவிருக்கா – 4.

ஜூலை 7

அறிவுதான் இல்லை எனக்கு.

இன்று மதியம் கரைந்த தாளை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்க்க மற்ற தாள்களைப் புரட்டினேன். பதினொரு அத்தியாயத்திலும் தீவுக்கு அவள் தீவு என்றுதான் எழுதியிருக்கிறாள். மணல் என்றால் மணல் என்றும் மேடு என்றால் மேடு என்றும் எழுதியிருக்கிறாள். திட்டு என்று மணலைச் சொல்லவே இல்லை. அது துறைமுகத்துக்காரன் பேச்சு. எங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறவன் நான் ஒருவன்தான்.

காலண்டர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"கடைசியில் பெரிய திட்டு. அதோடு முற்றும்."

திட்டு. அம்மா திட்டுவது. கோவில்பட்டிப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 8

கோதைக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, அம்பது நாளா அக்கா இப்படிக் கெடக்காங்க, காய்ச்சல்னு சொல்லிட்டு இருந்திருக்கீங்க. எங்கள என்னன்னு நெனச்சீங்க? இருபது வருசப் பழக்கம், ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?" கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. முழுவதையும் கேட்டேன். நடுவில் 'சரி சரி' சொல்லவில்லை.

ஜூலை 10

எழுதிவிட்டேன். மூன்று பக்கம்தான். கடைசிப் பகுதியை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

"படகிலிருந்து இறங்கியதும் யாரோ போர்வை போர்த்தினார்கள். யாரோ இளநீர் கொடுத்தார்கள். பாவம் பிள்ளை, பாவம் பிள்ளை என்றார்கள் எல்லாரும். ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அப்பா பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சலேத்துக்கு இன்னும் தீவில் நிற்பதுபோலவே இருந்தது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள்.

'ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு? யார்ட்ட கேட்டு படகுல ஏறுன? ஒரு வார்த்த சொன்னியா? சொன்னா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமா? தலையப் பாரு, காக்கா கூடு கட்டுத மாதிரி! பள்ளிக்கூடத்துச் சட்டையப் போட்டுக்கிட்டா நண்டு பிடிச்ச? நீங்க என்ன மரமாட்டம் நிக்கிய, பிள்ள சாக்குக்கு அடியில கெடந்தது கூடவா தெரியல ஒங்களுக்கு? ஒங்களுக்கும் அறிவு இல்ல, ஒங்க மகளுக்கும் இல்ல!'

அம்மா மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே சலேத்தின் முகத்தைத் தன் சேலையால் அழுத்தித் துடைத்தாள். ஒன்பது நாளும் அழாத சலேத் அப்போதுதான் அழுதாள். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முற்றும்."

இதில் என் சொல் அதிகம் இல்லை. திட்டு முழுவதும் அவளுடையது, எனக்கு மனப்பாடம்.

ஜூலை 11

காலையில் வாசித்துக் காட்டினேன். ரோஸ்லின் அசையாமல் கேட்டாள். அம்மா வந்த இடத்தில் அவள் உதடும் என் கூடவே அசைந்தது. 'வாயில இருக்க முத்து' வந்தபோது இடது பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தேன்.

"இதுதானா ரோஸ்?"

இடது கையைத் தாளின் மேல் வைத்தாள்.

"ஆமா."

இத்தனை நாள் கேட்ட ஆமா இல்லை இது. சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும்.

தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு வந்து மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் மருந்து வாங்கப் போகும்போது தபாலில் சேர்த்துவிடலாம். அன்றைக்கு ஏழு மணிக்கே நீ சொன்னாய், நான் காதில் வாங்கவில்லை என்றேன். மார்க்கெட்டைச் சொன்னேன். சீலாவைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது மணி என்று சொன்னதையும் சொன்னேன். நாளைக்குப் பர்வீன் வரும்போது ஏழு என்று திருத்திவிடுகிறேன் என்றேன். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ்லின் நல்ல கையை நீட்டினாள். என் தோளில் கிடந்த ஈரத்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அறிவிருக்கா?" என்றாள். சத்தமாக இல்லை.

எழுந்து போய்த் துண்டைக் கொடியில் காயப் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று பேசிய சொற்கள்: ஆமா – 1. அறிவிருக்கா – 1. இரண்டும் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவை.